பெஷாவரிலிருந்து பன்னு வரை: தண்ணீர் எழுதிய ஊர்கள்

பஷ்தூன்களை நாம் ‘பட்டாணியர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களோ தங்கள் மொழியின் பெயரைக்கூட ஊருக்கு ஊர் வேறாகச் சொல்கிறார்கள். பாகிஸ்தானின் வடமேற்கில், பெஷாவர்ப் பக்கம் அது ‘பக்தோ’. தெற்கே போகப் போக ‘பஷ்தோ’. எழுதினால் எழுத்து ஒன்றுதான். வடக்கில் அதைத் தொண்டையை உரசும் ‘க்ஹ’வாக வாசிப்பார்கள், தெற்கில் ‘ஷ’வாக. ‘நல்லது’ என்பதற்கு இங்கே ‘க்ஹா’, அங்கே ‘ஷா’. பெஷாவரே அக்கம்பக்கத்துக் கிராமத்தார் வாயில் ‘பெக்ஹவர்’.

இந்த மாகாணத்துக்குக் கைபர் பக்தூன்க்வா என்ற பெயர் வந்தது 2010இல். அதற்கு முன் நூறு வருஷத்துக்கும் மேலாக அது வடமேற்கு எல்லைப்புற மாகாணம். அந்தப் பெயரில் மக்களும் இல்லை, ஆறும் இல்லை. வரைபடத்தில் எந்த மூலை என்பது மட்டும்தான் இருந்தது. புதுப் பெயர் வைத்தபோதும் ‘க்ஹ’ பேசும் வடக்குதான் ஜெயித்தது என்று தெற்கு மாவட்டத்துக்காரர்கள் கிண்டலாகக் குறைப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

உச்சரிப்பைவிட ஆழமான ஒரு கோடு இந்த ஊர்களைப் பிரிக்கிறது. அதற்கு அவர்களிடமே இரண்டு சொற்கள் உண்டு: நங், கலங். நங் என்றால் மானம். கலங் என்றால் நிலத்துக்காக அளக்கும் வாரம், வரி. மலைப்பக்கம் நிலம் சொற்பம், விளைச்சல் சொற்பம், யாரும் யாருக்கும் வாரம் அளப்பதில்லை. கையிலிருப்பது மானம் மட்டுமே. சமவெளியில் வாய்க்கால் பாய்கிறது, நிலம் கொழிக்கிறது. அங்கே நிலத்துக்கு ஒரு கான், அவருக்கு வாரம் அளக்கக் குடியானவர்கள், மேலே வரி வாங்க ஓர் அரசு. ஓர் ஊரின் குணத்தைக் குலப்பெயரில் தேடுவதைவிட அதன் தண்ணீரில் தேடினால் சீக்கிரம் அகப்படும் என்பது என் கட்சி. பெஷாவரில் தொடங்கித் தெற்கே பன்னு வரை போனாலே இது விளங்கிவிடும்.

பெஷாவரின் பழைய நகரம் ஒரு விதிவிலக்கு. பதினாறு வாசல்கள் வைத்த மதிலுக்குள் காலங்காலமாகப் பேசப்பட்டது பஷ்தோ அல்ல, ஹிந்த்கோ. பஞ்சாபிக்கு உறவுக்கார மொழி அது. ‘க்ஹார்’ என்றால் பஷ்தோவில் நகரம்; அதனால் நகரத்து ஹிந்த்கோக்காரர்களை வெளிக் கிராமத்தார் ‘க்ஹாரியான்’ என்பார்கள். கிஸ்ஸா க்வானி பஜார் என்பது கதை சொல்லிகளின் கடைத்தெரு. ஒட்டக வணிகர்கள் தங்கிய சத்திரங்களும் ஏலக்காய் போட்ட கஹ்வா என்ற பச்சைத் தேநீரும் அதன் பெருமை. அதே தெருவில்தான் 1930 ஏப்ரல் 23 அன்று, நிராயுதபாணிக் கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் படை சுட்டது. சந்திர சிங் கட்வாலியின் தலைமையில் கட்வால் படைப்பிரிவுச் சிப்பாய்கள் சுட மறுத்து ஆண்டுக்கணக்கில் சிறை போனார்கள்.

பெஷாவரில் சாப்பிடப் போகிறவர்கள் நமக் மண்டிக்குப் போவார்கள். பெயருக்கு உப்புச் சந்தை. இப்போது இறைச்சித் தெரு. அங்கே மெனு அட்டையைத் தேடாதீர்கள். வாசலில் தொங்கும் ஆட்டைக் காட்டி, எந்த இடம், எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். பச்சை இறைச்சியின் எடைக்குத்தான் விலை. வெந்த பிறகு தட்டில் குறைவாகத் தெரிகிறதே என்று சண்டை போட்டுப் பயனில்லை. கடாயில் செம்மறியின் வால் கொழுப்பு உருகும், இறைச்சி விழும், உப்பு விழும், பிறகு தக்காளியும் பச்சை மிளகாயும். வெங்காயம் கிடையாது, மசாலாப் பொடி கிடையாது. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இறைச்சி வதங்காமல் வெந்துபோகும், தக்காளி கொழுப்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும். முக்கால் மணி நேரமாவது ஆகும். பத்து நிமிஷத்தில் தட்டு வந்தால் யாருக்கோ முன்னாலேயே அரைவேக்காடாக வைத்தது என்று பொருள்.

வடக்கே காபூல் ஆற்றையும் அதன் கிளைகளையும் தாண்டினால் சார்சத்தா. பழைய காந்தாரத்தின் தலைநகரான புஷ்கலாவதி, தாமரை நகரம், இங்கேயுள்ள மேடுகளுக்கு அடியில்தான் புதைந்திருக்கிறது. 1958இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தார். உள்ளூர்ப் பெயர் ஹஷ்ட்நகர், எட்டு ஊர்: சார்சத்தா, பிராங், ரஜ்ஜர், உத்மான்சாய், துரங்சாய், உமர்சாய், ஷெர்பாவ், தங்கி. ரஜ்ஜர் என்றதும் மிட்டாய் ஞாபகம் வரும், உத்மான்சாய் என்றதும் அப்துல் கஃபார் கான். நம் பெரியவர்களுக்கு ‘எல்லை காந்தி’ என்று பழகிய அதே மனிதர். 1929இல் அவர் தொடங்கிய குதாயி கித்மத்கார் என்ற அகிம்சை இயக்கத்துத் தொண்டர்களின் சிவப்புச் சட்டைக்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வெள்ளைக் கதர் சீக்கிரம் அழுக்கானது. தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் முக்கினார்கள், செங்கல் நிறம் வந்தது.

சார்சத்தா, மர்தான், ஸ்வாபி, மேலே ஸ்வாத் வரை ஒரு கிராமத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள ‘வேஷ்’ என்ற பழைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் யூசுப்சாய் குலத்தார் இந்தப் பள்ளத்தாக்குகளைப் பிடித்தபோது ஷேக் மாலி என்பவர் நிலத்தைப் பங்குகளாகப் பிரித்தார். ஆனால் நிரந்தரமாக அல்ல. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, குலக்கிளைகள் நிலத்தோடு ஊரையும் மாற்றிக்கொள்ளும். நல்ல வயல் ஒருத்தரிடமே தங்கிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். பங்கு உள்ளவர் ‘தஃப்தரி’. பங்கில்லாத உழவரும் நெசவாளரும் கொல்லரும் நாவிதரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்; எஜமானர்கள்தான் மூட்டை கட்டுவார்கள். அடுத்த தவணையில் வேறொருவர் கைக்குப் போகப்போகும் நிலத்தில் யார் தோப்பு வைப்பார்? யார் காரை வீடு கட்டுவார்? பிரிட்டிஷ் நிலவரித் திட்டம் வந்ததும் சமவெளியில் இது நின்றது. ஸ்வாத்தில் 1920களில் அதை ஆண்ட மியாங்குல் அப்துல் வதூத் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அங்கே தோட்டங்கள் பெருகின.

வேஷ் போனாலும் அதன் எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது. ஊர் பல ‘கண்டி’களாகப் பிரிந்திருக்கும், நம் தெருப் பிரிவு மாதிரி. ஒவ்வொரு கண்டிக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு ஹுஜ்ரா. ஹுஜ்ராவைத் திண்ணை என்றால் சிறிதாகிவிடும், சத்திரம் என்றால் பெரிதாகிவிடும். கயிற்றுக் கட்டில்கள், தலையணைகள், ஒரு மூலையில் ரபாப் என்ற நரம்பு வாத்தியம், தாளத்துக்கு வாய் குறுகிய ஒரு மண்பானை. விருந்தாளி படுப்பதும், துக்கம் விசாரிப்பதும், வாய்க்கால் முறை பேசுவதும், பெண் வீட்டார் வந்து இறங்குவதும் அங்கேதான். கல்யாணச் சோற்றை ஆக்குபவர் பெரும்பாலும் ஊர் நாவிதர். சார்சத்தாவில் அது குண்டு அரிசிச் சோறு, ‘கட்டே வ்ரீஜே’. மாட்டெலும்பும் கொழுப்பும் கொதித்த சாற்றில் அரிசி குழைய வேண்டும். உதிரி உதிரியாக நின்றால் சமைத்தவருக்கு மானக்கேடு. பாசுமதிக்குப் பழகியவர்கள் இதைப் பிசுபிசுப்பு என்பார்கள். அவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கான்களின் நிலம் என்ற அதே விஷயம்தான் ஹஷ்ட்நகரில் சண்டையாகவும் வெடித்தது. டிராக்டர் வந்ததும் வாரக் குடியானவர் தேவையில்லை என்று நிலக்கிழார்கள் வெளியேற்றப் பார்த்தார்கள். 1970களில் குடியானவர்கள் மஸ்தூர் கிசான் கட்சியின் கீழ் திரண்டு, துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார்கள். வடக்கு ஹஷ்ட்நகரின் சில கிராமங்களில் வாரம் கேட்கப் போவது அதன் பிறகு லேசான காரியமாக இல்லை. அகிம்சைத் தொண்டர்களின் ஊரும் இதுதான், ஆயுதமேந்திய குடியானவர்களின் ஊரும் இதுதான். இரண்டுக்கும் இடையே நாற்பது சொச்சம் வருஷம்தான், எல்லாம் சில மைல் வட்டத்துக்குள்.

கார்த்திகை பிறந்தால் இந்தப் பக்கம் முழுக்க வெல்லம் காய்ச்சும் வாசனை. வயலோரத்தில் ஓர் ஆலை, ஓர் அகலக் கொப்பரை, அடியில் எரிக்கக் காய்ந்த சக்கை. நூறு கிலோ கரும்புக்குச் சுமார் பத்து கிலோ வெல்லம் தேறும். அச்சில் வார்ப்பதில்லை, பதம் வந்த பாகை மரத்தொட்டியில் கொட்டி ஆறவைத்து, கையாலேயே சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கும் பரிசுக்கும் பாதாம், அக்ரூட், சோம்பு போட்டது தனி. பனி கருக்கிய கரும்போ, வெட்டி நாள்கணக்கில் கிடந்த கரும்போ வந்தால் பாகு இறுகாது. எவ்வளவு காய்ச்சினாலும் பிசினாகவே இருக்கும். அதை மறைக்கவும் நிறம் வெளுக்கவும் ரசாயனத் தூள் போடுகிற பழக்கம் பரவியிருக்கிறது. பளீரென்ற மஞ்சள் உருண்டையைத் தள்ளிவிட்டுப் பழுப்பாக இருப்பதை வாங்க வேண்டும்.

சார்சத்தா இன்னொன்றுக்கும் பேர்போனது: செருப்பு. இரண்டு அகலத் தோல் பட்டைகள் குறுக்காக மாறிப் போகும், குதிகாலில் வாருக்கு ஒரு பக்கிள், அடியில் பழைய லாரி டயர். பெஷாவரி சப்பல் என்று உலகம் முழுக்க விற்பது இதே இனம். கொஞ்சம் இறுக்கமாகவே வாங்க வேண்டும், தோல் இளகிவிடும். டயர் அடி முதல் இரண்டு வாரம் வளையாது, குதிகாலை அறுக்கும். அதற்குப் பயந்து பெரிய அளவு வாங்குகிறவர்களுக்கு ஒரே மாதத்தில் செருப்பு லொடலொடக்கும்.

மர்தானின் மேட்டு நிலங்கள் முன்னே வானம் பார்த்த பூமி. 1885இல் கீழ் ஸ்வாத் வாய்க்கால், 1914இல் மலாகண்ட் மலையைக் குடைந்து மேல் ஸ்வாத் வாய்க்கால். கரும்பும் புகையிலையும் அந்தத் தண்ணீரோடு பரவின. 1940களில் சர்க்கரை ஆலையும் வந்து ஊர் பெருத்தது. பக்கத்தில் தக்த்-இ-பாஹி புத்த விகாரம், 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில். பயணிகள் எல்லாரும் அங்கே ஏறிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தமிழ் படிப்பவர்கள் நிற்க வேண்டிய இடம் வேறு. மர்தானுக்குக் கிழக்கே ஷாபாஸ் கர்ஹியில் ஒரு பாறை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த கட்டளைகள், வலமிருந்து இடமாகப் போகும் கரோஷ்டி எழுத்தில். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ததைச் சொல்லும் இரண்டாம் கட்டளையில், எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று ஒரு வரிசை வருகிறது: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பபண்ணி என்ற இலங்கை. அந்தத் தெற்குப் பெயர்களை அடுத்து உடனே யவன அரசன் அந்தியோகன். கரும்புக் காட்டுக்கு நடுவில், ஒரு பஷ்தூன் கிராமத்துப் பாறையில் சோழனும் பாண்டியனும் இருக்கிறார்கள்.

சப்ளி கபாப் என்ற தட்டைக் கறி வடையைப் பற்றி மர்தானும் தக்த்-இ-பாஹியும் ஜி.டி. சாலையோரத்துத் தாரு ஜப்பாவும் ஓயாமல் சண்டை போடும். செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கிலோ மாட்டுக் கொத்துக்கறிக்குக் கால் கிலோ வெங்காயம், நூறு கிராம் மக்காச்சோள மாவு, ஒன்றிரண்டாக இடித்த மல்லி விதை, சீரகம், காய்ந்த மாதுளை முத்து, மிளகாய், ஒரு முட்டை. கறியைக் கரடுமுரடாகவே கொத்த வேண்டும். மைபோல அரைத்தால் பந்து மாதிரி இறுகிவிடும். வெங்காயத்தைப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் விட்டு, கொழுப்பில் போட்டதும் உடையும். தக்காளியை உள்ளே பிசைவதைவிட மேலே ஒரு வில்லையாக அழுத்துவது பத்திரம். பொரிப்பது மாட்டுக் கொழுப்பில், நடுவில் குழிந்த பெரிய இரும்புத் தட்டில். வெந்ததைக் குழியிலிருந்து சரிவுக்கு ஏற்றி வைத்தால் கொழுப்பு வடியும். எண்ணெயில் பொரித்தால் அது வேறு பண்டம்.

அடுத்த ஸ்வாபி மாவட்டத்தில் லாஹோர் என்றொரு சின்ன ஊர், பஞ்சாபின் லாகூர் அல்ல. பாணினி பிறந்ததாகச் சொல்லப்படும் சலாதுரம் இதுதான் என்று அடையாளம் காண்கிறார்கள். உலகத்தின் மிகக் கறாரான இலக்கணக்காரரின் ஊரில் இன்று எல்லாரும் பேசுவது புகையிலை விலை. மார்ச்சில் நாற்று நட்டு, மே மாதத்திலிருந்து அடியிலைகளாகப் பறித்து, குச்சிகளில் கட்டி, ஜன்னலில்லாத உயரமான சூளையறைக்குள் தொங்கவிடுவார்கள். வெளியே விறகு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றும். முதல் ஒன்றரை, இரண்டு நாள் முப்பத்தைந்து டிகிரியை ஒட்டி. இலை மஞ்சளாக வேண்டும். பிறகு மெதுவாக ஐம்பதைத் தாண்டி. இலை காய வேண்டும். கடைசியில் எழுபது, நடு நரம்பு காய வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பச்சை அப்படியே இலையில் உறைந்துவிடும், தாமதித்தால் பழுப்பாகும். இரண்டையும் கம்பெனிக்காரர் கீழ்த்தரம் என்று தள்ளுவார். நரம்பு சரியாகக் காயாவிட்டால் கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். குச்சியிலிருந்து ஓர் இலை சூடான குழாய்மேல் விழுந்தால் சூளையே எரியும். அதனால் அந்த ஐந்தாறு இரவும் ஒருவர் தூங்காமல் காவல் இருப்பார்.

இனி தெற்கு. பெஷாவரை விட்டுச் சிந்து நெடுஞ்சாலையில் இறங்கினால் பசுமை சட்டென்று அறுந்துபோகும். தர்ரா ஆதம் கேல், ஆஃப்ரிதி குலத்தாரின் துப்பாக்கிச் சந்தை. ஒரே சாலை, இருபுறமும் பட்டறை. கலங் கட்டாத நங் பூமி என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் இல்லை. 2018இல் பழங்குடிப் பகுதிகள் மாகாணத்தோடு இணையும் வரை நாட்டின் சாதாரணச் சட்டம் இங்கே செல்லாது. 1901ஆம் வருஷத்து எல்லைக் குற்ற ஒழுங்குமுறைதான் ஆட்சி. ஒருவர் குற்றம் செய்தால் குலத்துக்கே தண்டனை. துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை. வயலில்லாத, ஆலையில்லாத, ஆனால் பெரிய சாலை ஒன்று ஊடே ஓடும் ஊருக்கு அது விட்டுவைத்த பிழைப்பு இதுதான்.

2003இல் கோஹாட் சுரங்கம் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணவாயின் கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்கும் பாடு லாரிக்காரர்களுக்கு மிச்சமாயிற்று. மறுபுறம் கோஹாட்: ஊற்றுகள், பட்டாளக் குடியிருப்பு, கொய்யாத் தோப்பு. குளிர்காலத்தில் சாலையோரம் கூடை கூடையாகக் கொய்யா. அவ்வளவு சொன்னால் போதும்.

அடுத்து கரக், கட்டக் குலத்தாரின் மாவட்டம். ஊற்று இல்லை, பெரிய ஆறில்லை, மண்ணுக்கடியில் உப்பு. ஜட்டா, பகதூர் கேல் மலைகளில் சாம்பல் நிறப் பாறை உப்பு. பிரிட்டிஷார் இதற்குப் பஞ்சாப் உப்பைவிட மிகக் குறைவாக வரி போட்டார்கள், மலைக்காரர்களைச் சீண்ட வேண்டாமென்று. ஆனால் அந்த மலிவு உப்பு சிந்து நதியைத் தாண்டக் கூடாதென்று கரையோரம் காவல் நிறுத்தினார்கள். நிலம் சோறு போடாத ஊரில் ஆண்கள் படிப்பையும் பட்டாளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கட்டக் வீட்டில் காக்கிச் சட்டை தொங்காத சுவர் அபூர்வம். இப்போது அடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். 2022-23 குளிர்காலத்தில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஆளுயரப் பிளாஸ்டிக் பைகளில் எரிவாயுவை நிரப்பித் தூக்கிப்போன படங்கள் உலகம் சுற்றின. குழாய் இணைப்பு எட்டாத வீடுகள் கம்ப்ரஸர் வைத்துப் பையில் இழுத்து அடுப்பெரிக்கின்றன. ஒரு பொறி போதும். குழாய் ஊரைத் தாண்டி வேறெங்கோ போகிறது என்ற கோபம் அங்கே உப்பைவிடக் கரிக்கும்.

பன்னுவில் மறுபடி தண்ணீர், குர்ரம் ஆற்றுப் பாசனம். ஆனால் இங்கே தண்ணீர் கான்களை உண்டாக்கியதோடு நிற்காமல் மதில்களையும் உண்டாக்கியது. வயலுக்கு வயல் பகை. கிராமம் ஒவ்வொன்றும் மண்கோட்டை. 1848 வாக்கில் ஹெர்பர்ட் எட்வர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நானூறு கோட்டைகளை அவர்களைக் கொண்டே இடிக்கவைத்தார் என்பது காலனிக் கால வரலாற்றின் பிரபலக் கதை. நகரத்துக்கு எட்வர்ட்ஸாபாத் என்று பெயரும் வந்தது, போகவும் போயிற்று. நகரத்துக்குள் வணிகம் பெரும்பாலும் இந்துக்கள் கையில் இருந்தது. பிரிவினையில் அவர்களில் நிறையப் பேர் டெல்லிக்குப் பக்கத்து ஃபரீதாபாத்தில் குடியேற்றப்பட்டார்கள்; கமலாதேவி சட்டோபாத்யாயின் கூட்டுறவுக்காரர்கள் அந்த ஊரை எழுப்ப உழைத்தார்கள். ‘பன்னுவால்’ என்ற அடையாளத்தை அங்குள்ளவர்கள் இன்னும் விடவில்லை.

பன்னுவின் விருந்து பைண்டா. நாட்டுக்கோழி வெந்த நீர்த்த குழம்பு, துப்பட்டி மாதிரி அகலமான மெல்லிய ரொட்டி. ரொட்டியைப் பிய்த்து ஒரே தாம்பாளத்தில் பரப்பி, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் குழம்பை ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் களியாகிவிடும். குழம்பு கெட்டியாக இருந்தால் ரொட்டிக்குள் இறங்காது. நாலைந்து பேர் ஒரே தட்டில், கையால். தேரா இஸ்மாயில் கானில் இதையே ‘சோபத்’ என்பார்கள். கூட்டாளி, கூட இருத்தல் என்று அர்த்தம். தனியாக ஒருவர் பைண்டா கேட்டால் கடைக்காரர் முறைத்துப் பார்ப்பார்.

பன்னுவில் ‘க்ஹ’ எப்போதோ ‘ஷ’ ஆகியிருக்கும். இங்கே அதோடு உயிரெழுத்துகளும் இடம் மாறுகின்றன. வடக்கில் தாய் ‘மோர்’, தந்தை ‘ப்லார்’, மகள் ‘லூர்’. பக்கத்து வசீரிஸ்தானத்துப் பேச்சில் ‘மேர்’, ‘ப்லோர்’, ‘லீர்’. பன்னுக்காரர்களின் பன்னூச்சிப் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும். 2014இல் வடக்கு வசீரிஸ்தானில் ராணுவ நடவடிக்கை தொடங்கியதும் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு இறங்கியது பன்னுவில். பள்ளிக்கூடங்கள் நிரம்பின, ஹுஜ்ராக்கள் நிரம்பின. பெஷாவரிலிருந்து போன அதிகாரிகளுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போதே சிக்கல்: ‘லீர்’ என்றால் யார் என்று பக்கத்திலிருந்த பன்னுக்காரர் சொல்ல வேண்டியிருந்தது.